கட்கி தந்தி நிலையமும் தப்கீர் சந்தும்: வானொலிச் செய்முறை நூல்களின் ஒரு வரலாறு

சிறுவயதில் படித்த வானொலிச் செய்முறை நூல்களைப் பற்றிப் பேசுவோர் பலருக்கு நூலாசிரியரின் பெயர் நினைவில் இருப்பதில்லை. ஓசி 71, ஓஏ 79, ஏசி 128 என்று உதிரிப் பாகங்களின் எண்கள் மட்டும் தப்பாமல் வந்து விழும். காரணம் எளியது. பாகம் கிடைக்காத ஊரில் அந்த நூல் வெறும் படப்புத்தகம். ஆகவே, இந்நூல்களின் வரலாற்றைப் பாகங்களின் வரலாற்றோடு சேர்த்தே எழுத வேண்டும்.

அதற்குப் புனேயின் போபோடி பொருத்தமான இடம். ஒருபக்கம் கட்கி ராணுவக் குடியிருப்பு, மறுபக்கம் முளா ஆறு. ஆற்றுக்கு அப்பால் தாபோடியில் ராணுவப் பொறியியல் கல்லூரி. அன்று கிர்க்கி எனப்பட்ட கட்கியிலிருந்துதான் இந்தியாவின் சிற்றலைத் தந்தி இங்கிலாந்துக்குப் போனது. அங்கிருந்து வந்ததைத் தவுண்ட் நிலையம் வாங்கியது. 1927 ஜூலை 23 அன்று வைஸ்ராய் இர்வின் இந்த இணைப்பைத் தொடங்கிவைத்தார். பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் நிலையம் திறக்கப்பட்டதும் அதே நாளில்தான்.

சென்னை இவ்விரண்டுக்கும் முந்தியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று நடத்திய சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924இலேயே ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. ஆக, இந்திய வானொலிக்குத் தாய்வீடு இரண்டு: ஆர்வலர்களின் கழகம் ஒன்று, அரசின் உரிமம் பெற்ற கம்பெனியின் தந்தி நிலையம் மற்றொன்று. 1933ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் பக்கமே நின்றது. உரிமமின்றி வானொலிக் கருவியை வைத்திருப்பதே குற்றமாயிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆர்வலர்களின் ஒலிபரப்பு உரிமங்களும் பறிபோயின.

இந்த நிலையைச் சிறுவர்களுக்குச் சாதகமாக மாற்றியது டிரான்சிஸ்டர். 1954இல் பெங்களூரில் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ், அறுபதுகளில் டிரான்சிஸ்டர்களைத் தயாரிக்கத் தொடங்கியது. ஏசி 128, பிஎஃப் 194, பிசி 148 என அவை ஐரோப்பிய எண்முறையைத் தாங்கி வந்தன. இது சிறிய செய்தியன்று. பிரிட்டிஷ் நூல்கள் இங்கே செல்லுபடியானதற்கு மொழிப் பழக்கத்தைவிட இந்த எண் ஒற்றுமையே பெரிய காரணம் என்பது என் கருத்து. அமெரிக்க நூல்களில் வரும் சிகே 722 போன்றவற்றுக்கு ஈடு தேடித்தான் ஆக வேண்டும். அதற்காகவே கடைக்காரர்கள் 'ஈக்விவேலன்ட்' புத்தகம் வைத்திருந்தார்கள். புனே புதவார் பேட்டையின் தப்கீர் சந்திலும் சென்னை ரிச்சி தெருவிலும் வாங்க வந்தவரும் விற்பவரும் அதைப் புரட்டிய பிறகுதான் வியாபாரம் முடிந்தது.

ஜார்ஜ் டாப்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் லேடிபேர்டு சிறுவர் நூல் வரிசைக்காக 1972இல் எழுதிய டிரான்சிஸ்டர் ரேடியோ நூல் இவ்வகையில் தலைசிறந்தது. மரப்பலகையில் திருகாணிகளை முடுக்கி அவற்றில் கம்பிகளைச் சிக்கவைக்கும் முறை. சால்டரிங் அயர்னே வேண்டாம். கிரிஸ்டல் செட்டில் தொடங்கிப் படிப்படியாக டிரான்சிஸ்டர்களைச் சேர்த்துப் போகும். கிரிஸ்டல் செட்டுக்குப் பேட்டரியும் தேவையில்லை. எனாமல் கம்பிச் சுருள், ஒரு டையோடு, ஹெட்போன், மொட்டைமாடி ஏரியல், தண்ணீர்க் குழாயில் எர்த், இவ்வளவுதான். 1953இல் தொடங்கிய புனே வானொலி நிலையம் 792 கிலோஹெர்ட்சில் பக்கத்திலேயே இருந்ததால் போபோடிச் சிறுவனுக்கு அது எளிதில் கேட்கும்.

கட்கி, போபோடி வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு அது போதாது. சென்னை, திருச்சி நிலையங்களின் மத்திய அலை பகலில் இங்கே எட்டாது. தமிழ்ப் பாட்டுக்குக் கொழும்பின் சிற்றலைதான் வழி. அதைப் பிடிக்கச் சுருளில் சுற்றுகளைக் குறைக்க வேண்டும், டிரான்சிஸ்டரை மாற்ற வேண்டும். ஆங்கிலத்தில் படித்து, மராத்தியில் பேரம் பேசி, தமிழைக் கேட்பதற்காகச் செய்த வேலை அது.

1985இல் வானொலி உரிமக் கட்டணம் முற்றாக நீங்கியது. கெடுபிடி தளர்ந்த அந்தக் காலத்தையொட்டியே வானொலி செய்யும் பொழுதுபோக்கும் மெலிந்தது. தொலைக்காட்சியைக் குறைசொல்வது வழக்கம். நான் அதை ஏற்கவில்லை. முழு ரேடியோவும் ஒரே சில்லுக்குள் போய்விட்டது. பிறகு வந்த பாகங்கள் விரலுக்கு அகப்படாத அளவுக்குச் சிறுத்தன. 1991க்குப் பின் ஆயத்த ரேடியோவின் விலை, பாகங்களைத் தனித்தனியே வாங்கும் செலவைவிடக் குறைந்தது. செய்முறை நூல் தன் பொருளாதாரக் காரணத்தை இழந்தது.

அச்சிட்ட நூல்கள் எங்காவது பிழைத்திருக்கும். ஓரங்களில் பென்சிலால் எழுதிய ஈட்டு எண்களும் கடை விலைகளும்தான் மறுபடி கிடைக்காத சான்றுகள். உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு நூலோ குறிப்பேடோ இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள். பயன்படுத்தியவர் வாழ்ந்த ஊரையும் ஆண்டையும் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.