பந்தும் பற்றும்

நான்காண்டுகளுக்கு ஒருமுறை உலகக் கிண்ணக் கால்பந்துப் போட்டி வரும்போதெல்லாம், மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இளைஞர்கள் பிரேசில் என்றும் அர்ஜென்டினா என்றும் கட்சி கட்டி நிற்பதைக் காண்கிறோம். பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கின்றனர். ஊரும் இல்லை, உறவும் இல்லை. யாரோ ஆடும் ஆட்டத்திற்கு இவர்கள் ஏன் உறக்கம் கெட வேண்டும் என்பது அவர்கள் வினா. அதற்கு வரலாற்றில் விடை தேடுவோம்.

உறக்கம் கெட்டது உண்மைதான். 1986இல் போட்டி மெக்சிகோவில் நடந்தது. அங்கே நண்பகலில் தொடங்கிய ஆட்டம் நமக்கு இரவு 11.30 மணி ஆட்டம். அங்கே மாலை நான்கு மணி ஆட்டம் இங்கே பின்னிரவு 3.30க்குத் தொடங்கும், அதன் இடைவேளை, சென்னைப் பள்ளிவாசல்களில் பஜ்ருத் தொழுகைக்குப் பாங்கு ஒலிக்கும் நேரத்தையொட்டி வரும்.

இத்தனைக்கும் நமக்கென அங்கே ஓர் அணி இல்லை. 1950இல் பிரேசிலில் நடந்த போட்டியில் இடம் கிடைத்தும் இந்தியா செல்லவில்லை. அதன்பின் இன்றுவரை இறுதிச் சுற்றில் ஆடியதும் இல்லை. 1993இல் நேரு கிண்ணப் போட்டி சென்னை ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் நடந்தபோது அயல்நாட்டு அணிகளை நம் மக்கள் நேரில் கண்டனர். அப்போதும் கிண்ணம் வட கொரியாவுக்கே சென்றது. ஆகவே உலகக் கிண்ணத்தைப் பொறுத்தவரை சென்னை ரசிகரின் பற்று இரவல் பற்றே.

இரவல் என்பதால் அது பொய்யாகிவிடுமா? தூனிஸில் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன், 14ஆம் நூற்றாண்டில் இயற்றிய தம் 'முகத்திமா'வில், குழுவைப் பிணைக்கும் பற்றுக்கு 'அஸபிய்யா' என்று பெயரிட்டு ஆராய்ந்தார். இரத்த உறவால் மட்டுமன்றி நட்புடன்படிக்கையாலும் ஆதரவு உறவாலும் அது விளையும் என்பது அவர் கண்ட முடிபு. அவ்வகையில் ரசிகரும் ஓர் அணியோடு நட்புடன்படிக்கை செய்துகொண்டவரே. ஆயினும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அஸபிய்யாவைக் கண்டித்தார்கள் என்பதையும் நாம் அறிவோம். தன் கூட்டத்தாரின் அநீதிக்குத் துணை நிற்பதே அது என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் உண்டு. பற்று குற்றமன்று, அநீதிக்குத் துணைபோகும் பற்றே குற்றம்.

இதற்குக் கால்பந்து வரலாறே சான்று தருகிறது. 1958இல், அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், பிரெஞ்சுக் கழகங்களில் ஆடிப் புகழ்பெற்றிருந்த அல்ஜீரிய வீரர்கள் சிலர் அவற்றைத் துறந்து தூனிஸ் சென்று, விடுதலை முன்னணியின் பெயரால் ஓர் அணி அமைத்தனர். ரஷீத் மக்லூஃபி அவர்களுள் ஒருவர். நாடு 1962இல் விடுதலை பெற்றது. இருபதாண்டுகள் கழித்து, 1982 ஜூன் 16 அன்று, ஸ்பெயின் நாட்டுக் கீகோன் நகரில் அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2–1 என்று வென்றது. உலகக் கிண்ணத்தில் ஓர் ஆப்பிரிக்க அணி ஐரோப்பிய அணியை வென்றது அதுவே முதன்முறை.

அதே நகரில் ஜூன் 25 அன்று மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. அல்ஜீரியா தன் ஆட்டங்களை முந்திய நாளே முடித்திருந்தது. ஜெர்மனி ஒரு கோலோ இரண்டு கோலோ வித்தியாசத்தில் வென்றால் இரு ஐரோப்பிய அணிகளும் அடுத்த சுற்றுக்குச் செல்லும், அல்ஜீரியா வெளியேறும். பத்தாம் நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் அடித்தது. எஞ்சிய நேரமெல்லாம் பந்து நோக்கமின்றி உருண்டது.

அன்று அநீதியை எதிர்த்தவர் யார்? அல்ஜீரியர் மட்டுமல்லர். அவர்களோடு எந்த உறவுமில்லாத ஸ்பானிய மக்களும் அரங்கிலேயே கூச்சலிட்டுக் கண்டித்தனர். ஆஸ்திரிய வர்ணனையாளர் ஒருவர், தொலைக்காட்சிப் பெட்டியை அணைத்துவிடுங்கள் என்று தம் நாட்டவரையே கேட்டுக்கொண்டார். அல்ஜீரியாவின் முறையீடு தள்ளுபடியாயிற்று, முடிவு மாறவில்லை. ஆனால் விதி மாறியது. 1986 முதல் ஒவ்வொரு பிரிவிலும் கடைசி இரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. இரவு விழித்து இரு ஆட்டங்களையும் மாறி மாறிப் பார்க்கும் நம் இளைஞர், அறிந்தோ அறியாமலோ, அன்றைய கண்டனத்தின் பயனையே காண்கின்றனர்.

இரவல் பற்றின் சிறப்பும் இதுவே. நாட்டுப் பெருமை கண்ணை மறைக்காத இடத்தில் நின்று பார்ப்பவர் நடுநிலைச் சாட்சியாக முடியும். இவ்வளவையும் பிறருக்குச் சொல்லும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2022இல், அரபு மண்ணில் முதன்முறையாக நடந்த உலகக் கிண்ணத்தில் மொராக்கோ அரையிறுதியை எட்டியபோது நம் நெஞ்சங்கள் பூரித்தன. அதில் தவறில்லை. ஆனால் டிசம்பர் 14 அன்று பிரான்ஸ் 2–0 என்று வென்றபோது, வென்றவரின் ஆட்டத்தைப் பாராட்ட நமக்கு நா எழுந்ததா? இளைஞரின் உறக்கத்தைக் குறித்துக் கவலைப்படும் பெரியவர்கள், இந்தக் கேள்வியையும் அவர்களோடு அமர்ந்து பேசினால் நலம்.