தோட்டத்துக்குள் ஒரு தோட்டம்

2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில், நாடு உணவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற வேளையில், அத்தியாவசிய சேவைகள் நீங்கலாக ஏனைய அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளித்து, அந்நாளில் வீட்டுத்தோட்டம் செய்யுமாறு கூறும் சுற்றறிக்கை ஒன்று வெளிவந்தது. கொழும்பில் மாடிவீட்டு அறையொன்றில் வாடகைக்கு இருக்கும் எழுதுவினைஞர் மண்வெட்டியை எங்கே போடுவார் என்று பலரும் அப்போது நகைத்தனர். நகைப்பு நியாயமானதே. ஆயினும், சம்பளம் போதாதாயின் மண்ணைக் கொத்து என்னும் புத்திமதி இந்நாட்டுக்குப் புதிதன்று. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மக்கள், சுற்றறிக்கை எதுவும் இல்லாமலே, தலைமுறை தலைமுறையாக வேலை முடிந்த பின் மண்ணைக் கொத்தி வந்திருக்கின்றனர். வீட்டுவேலை, மரக்கறிப் பாத்தி, கடன் கணக்கு ஆகிய மூன்றையும் ஒரே நாளுக்குள் அடக்கும் வித்தையை அவர்கள் எவ்வாறு கற்றனர்? அவ்வித்தையின் பலன் யாரிடம் போய்ச் சேர்ந்தது? இதுவே நாம் ஈண்டு ஆராய விரும்புவது.

நமது பாடசாலைகளில் மனையியல் என்றொரு பாடம் உண்டு. குடும்ப வரவு செலவுத் திட்டம் தீட்டுவது எவ்வாறு, வீண் செலவைத் தவிர்ப்பது எவ்வாறு, நேரத்தைப் பங்கிடுவது எவ்வாறு என்பனவெல்லாம் அதிற் கற்பிக்கப்படுகின்றன. பயனுள்ள பாடந்தான். ஆனால் வரவு ஏன் அவ்வளவாக இருக்கின்றது என்ற கேள்விக்கு அப்பாடத்தில் இடமில்லை. வரவு வானத்திலிருந்து பெய்யும் மழைபோல வந்துவிடுகின்றது. செலவு மாத்திரமே இல்லத்தரசியின் பொறுப்பாகின்றது. வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அக்கேள்வியை அடுத்த வகுப்பறையிலிருந்தாவது எழுப்பவேண்டும்.

கோப்பிக் காலத்தில் தோட்டங்களிற் குடும்பம் என்பது பெரும்பாலும் இருக்கவில்லை. அறுவடைப் பருவத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஆண்கள் கூட்டங் கூட்டமாக நடந்து வந்தனர். பருவம் முடிந்ததும், உயிரோடு எஞ்சியவர்கள் திரும்பிச் சென்றனர். 1869இல் கோப்பி இலைநோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுள் கோப்பி அழிந்து, 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கும்; ஆண்டு முழுவதும் பறிக்கக் கைகள் வேண்டும். ஆகவே பெண்ணும் பிள்ளையும் சேர்ந்த நிரந்தரக் குடும்பம் தோட்டத்துக்குத் தேவையாயிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயத்துக் காம்பராவில் அக்குடும்பம் குடியேற்றப்பட்டது. அடுப்பும் படுக்கையும் பிரசவமும் மரணமும் அந்த ஒரே அறைக்குள் நிகழ்ந்தன.

அக்குடும்பத்துப் பெண்ணின் ஒரு நாளைப் பார்ப்போம். பிரட்டுக்குத் தப்பு ஒலிக்குமுன், விடியற்காலை நான்கு மணியளவில் அவள் எழுந்தாகவேண்டும். பீலியில் தண்ணீர் பிடிக்கவேண்டும், முதல்நாள் மாலை தலையிற் சுமந்து வந்த தேயிலை மிலாறை அடுப்பில் வைத்து ஊதவேண்டும், ரொட்டி தட்டவேண்டும், சாயத் தண்ணீர் காய்ச்சவேண்டும், பிள்ளைக்காம்பராவிற் குழந்தையை ஒப்படைத்துவிட்டு மலைக்கு ஓடவேண்டும். கங்காணி குறிப்பிட்ட நிரையிற் சற்றுப் பிந்தி நின்றாலும் அன்றைய பேர் அரைப்பேராகிவிடக்கூடும். கொழுந்து நிறுக்கும் இடைவேளையிற் குழந்தைக்குப் பாலூட்ட இறங்கி மீண்டும் ஏறவேண்டும். மாலையில் கடைசி நிறுவை முடிந்து வரும்போது இருட்டத் தொடங்கிவிடும். அதன் பின்னரே சமையலும், துவைத்தலும், பாத்திக்குத் தண்ணீர் ஊற்றலும். கவ்வாத்து வெட்டுதல், முள்ளுக்குத்துதல் போன்ற ஆண்களின் வேலைகள் பல பிற்பகலிலேயே முடிந்துவிடுவன என்பதையும், அவ்வாறு முடிந்த பின் எஞ்சும் பொழுதில் ஆண் அடுப்படியை எட்டிப் பார்ப்பது அபூர்வம் என்பதையும் மறைத்துப் பயனில்லை. துரையின் சுரண்டலைப் பற்றிப் பேசும் நாம், லயத்துக்குள் நிகழ்ந்ததைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டே வந்திருக்கின்றோம்.

இனிக் கணக்கு. தொழிலாளியின் வாழ்க்கை கடனுடனேயே தொடங்கிற்று. பெரிய கங்காணி ஊரிற் கொடுத்த முன்பணம், வழிச்செலவு, வழியில் உண்ட சோறு யாவும் அவன் பேரில் எழுதப்பட்டன. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பிய கூட்டத்துக்குத் துரை ‘துண்டு’ ஒன்று கொடுப்பார். இக்கூட்டத்தின் கடன் இவ்வளவு, அதைச் செலுத்துவோர் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்பதே அத்துண்டின் சாரம். மனிதர்களைக் கடனோடு கைமாற்றும் இம்முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு ஒழிந்தது, கடன் ஒழியவில்லை. கங்காணியின் கடைக்குப் பதிலாகப் பட்டணத்துக் கடைக்காரரின் கொப்பி வந்தது. அதற்கு அருகிலேயே அடகுக்கடையும் வந்தது.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின்படி, 1929இல் மலைநாட்டின் உயர் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், பிள்ளைக்கு 32 சதமும் விதிக்கப்பட்டன. ஆணும் பெண்ணும் மாதத்தில் இருபத்தைந்து நாட்கள் தவறாது வேலை பெற்றால் இருவர்க்கும் சேர்த்துக் கிடைப்பது 24 ரூபா 25 சதம். இது காகிதத்தில் உள்ள தொகை. தோட்டம் வழங்கிய அரிசியின் விலை இதிலேயே கழிக்கப்பட்டது. சலவையாளர், முடிதிருத்துவோர், கோயில், முன்பணம் என்று கழிவுகள் வரிசையாக நின்றன. எஞ்சியதையும் மழை தீர்மானித்தது, நோய் தீர்மானித்தது, கொழுந்து குறைந்த மாதங்களில் வேலை நாட்களைக் குறைக்கும் தோட்டமும் தீர்மானித்தது. 1930களின் பொருளாதார மந்தத்தின்போது இந்தக் குறைந்தபட்சமும் குறைக்கப்பட்டது. ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லின் பொருளை அகராதியிற் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்.

பெண்ணின் கூலி ஏன் ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்காக இருந்தது? கொழுந்து பறிப்பதே தேயிலைத் தொழிலின் உயிர்நாடி. அதைச் செய்தோர் பெரும்பாலும் பெண்கள். ஆகவே திறமைக் குறைவோ பயன் குறைவோ காரணமாகாது. அவள் கூலி வீட்டு வரவுக்கு ஒரு துணை வரவு என்று கொள்ளப்பட்டது, அதுவே காரணம். அவள் வீட்டிற் செய்த வேலைக்கோ விலையே இல்லை. அக்கூலியும் அவள் கைக்கு நேரே வருவதில்லை. சம்பள மேசையில் மனைவியின் சம்பளத்தையும் கணவனே பெற்றுச்செல்வது பல தோட்டங்களில் நெடுங்கால வழக்கம். சாராயக் கடை எந்தத் திசையிலுள்ளது என்பதைப் பொறுத்தே அம்மாதத்து வரவு செலவுத் திட்டம் அமைந்த வீடுகளும் உண்டு. இத்தகைய நிலையில் ஒருத்தி பானையிற் கொஞ்சம் அரிசியை ஒதுக்கி வைத்தாள், அயலவரோடு சேர்ந்து சீட்டுப் பிடித்தாள், சிறுகச் சேர்த்து மகளுக்குத் தோடு வாங்கினாள் என்றால், எந்த நிதியமைச்சருக்கும் குறையாத ஆற்றல் அது.

இந்தக் கணக்கில் விழுந்த ஓட்டையை அடைக்கவே பாத்தி வந்தது. லயத்தின் இஸ்தோப்புக்கு எதிரே, ஓடைக்கரையில், தேயிலை ஏறாத சரிவில் சிறு துண்டு நிலம். அதிற் போஞ்சி, கோவா, கரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு. தாழ்ந்த இடங்களில் மரவள்ளி, சோளம், வாழை. பசு ஒன்று இருக்குமானால் சாணம் பாத்திக்கு, பால் பட்டணத்துக்கு. குழந்தைகளுக்கு எஞ்சிய பால் எவ்வளவு என்று கேளாதிருப்பது நல்லது. வேலி கட்டுவதும் மண் கொத்துவதும் பெரும்பாலும் ஆண்களின் பங்கு. களை பிடுங்கல், நீரூற்றல், பன்றி வருகின்றதா என்று காவல் இருத்தல் ஆகியவை பெண்களுக்கும் கிழவர்களுக்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்கும் உரியவை. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி, அரிசிக் கப்பல்கள் நின்று, பங்கீடு வந்தபோது பாத்தியின் அருமை முன்னெப்போதையும்விடத் தெளிவாயிற்று. கோதுமை மாவும் அக்காலத்திலேயே தோட்டத்து அடுப்பை நிரந்தரமாகப் பிடித்துக்கொண்டது.

எனவே பாத்தி தொழிலாளியின் விடுதலை என்று சொல்லிவிடலாமா? இங்கே நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். 1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய பிரெடரிக் எங்கெல்ஸ், 1887இல் அந்நூலின் மறுபதிப்புக்கு எழுதிய முன்னுரையில், ஜெர்மனிய நாட்டுப்புறக் கைத்தொழிலாளரின் நிலையை ஆராய்கின்றார். அவர்களுக்குச் சிறு வீடும் தோட்டமும் இருந்தன. தமக்கு வேண்டிய உணவில் ஒரு பகுதியைத் தாமே விளைவித்தனர். அதன் பயன் அவர்களைச் சேர்ந்ததா என்றால் இல்லை என்கின்றார் எங்கெல்ஸ். தோட்டத்தில் விளைந்த உருளைக்கிழங்கின் அளவுக்கு முதலாளி கூலியைக் குறைத்துக்கொள்ள முடிந்தது. மண்ணோடு கட்டுண்ட தொழிலாளி வேறிடம் போகவும் முடியவில்லை. ஓய்வு நேரத்து உழைப்பு முழுவதும் சுற்றிவளைத்து முதலாளியின் இலாபக் கணக்கிலே சென்று சேர்ந்தது.

நம் மலைநாட்டுக்கு இவ்வாதம் பொருந்துகின்றது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஜெர்மனிய நெசவாளிக்கு அந்தத் துண்டு நிலமாவது சொந்தமாக இருந்தது. லயத்து மனிதனுக்குப் பாத்தியும் துரையின் தயவே. அவன் வேலை போனால் காம்பரா போகும். காம்பரா போனால் பாத்தியும் போகும். ஆகவே வேலைநிறுத்தம் பற்றி யோசிக்கும்போது அவன் கூலியை மட்டும் பணயம் வைக்கவில்லை; காய்க்கத் தொடங்கிய போஞ்சியையும், கன்று ஈனவிருக்கும் பசுவையும் சேர்த்தே பணயம் வைத்தான்.

இது வெறும் ஊகமன்று. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்கென எடுத்து, நிலமற்ற கிராமவாசிகளுக்குப் பங்கிட முனைந்தது. கிராமவாசிகளின் நிலப்பசி உண்மையானது. அதனைத் தோற்றுவித்ததும் தோட்டங்களே. ஆனால் அங்கேயே நெடுங்காலம் வாழ்ந்து, தம் வீட்டைச் சூழப் பயிரிட்டுவந்த தொழிலாளர் வெளியேறுமாறு கட்டளையிடப்பட்டனர். மறுத்தபோது, அத்துமீறிப் பிரவேசித்தோர் என்று நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். இலங்கை இந்தியன் காங்கிரஸ் வேலைநிறுத்தம் நடத்தியது. அதற்கு இரண்டாண்டுகளின் பின், 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. நாடே இல்லாதவருக்கு நிலம் எங்கிருந்து வரும்?

1973–74இன் உணவு நெருக்கடியில் இதன் கொடூரம் முழுமையாக வெளிப்பட்டது. அரிசிப் பங்கீடு வெட்டப்பட்டது. மாவும் சீனியும் அருகின. கிராமத்தவனுக்கு ஒரு பலாமரமாவது இருந்தது. தோட்டங்களில் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. குடும்பங்கள் பிச்சை கேட்டுப் பட்டணங்களுக்கு இறங்கின. அத்தனை ஆண்டுகளாகப் பாத்தி கொத்திய மக்கள் ஏன் பட்டினியாற் செத்தனர் என்பதற்கு விடை எளிது: துண்டு நிலம் கறிக்கு உதவும், சோற்றுக்கு உதவாது. 1977 மே மாதத்தில் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தைப் பங்கிடும் முயற்சியைத் தொழிலாளர் எதிர்த்தபோது, டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் என்னும் இளைஞர் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்.

பெண்ணின் கூலி ஆணின் கூலிக்குச் சமமானது 1984 ஏப்ரலில் நடந்த வேலைநிறுத்தத்தின் பின்னரே. 1929இலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள். பெண் கைகள் கொழுந்தை விட்டபோது தொழிற்சாலை ஓய்ந்தது. சம கூலி எழுதப்பட்டது. நேரம் மாத்திரம் சமமாகவில்லை. மாலைவரை மலையில் நின்றவளும் அவளே, நான்கு மணிக்கு எழுந்தவளும் அவளே.

1992இல் தோட்ட முகாமை மீண்டும் தனியார் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அக்கம்பெனிகள் ‘வெளியார் உற்பத்தி முறை’ என்ற ஒன்றைப் பரப்பி வருகின்றன. குறிப்பிட்ட தொகைத் தேயிலைச் செடிகள் ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கப்படுகின்றன. களை எடுப்பது, உரமிடுவது, பறிப்பது யாவும் குடும்பத்தின் பொறுப்பு. கொழுந்தின் நிறைக்குக் கம்பெனி காசு கொடுக்கும். கொடுத்த பொருள்களின் விலையைக் கழித்துக்கொள்ளும். தொழிலாளி இனி முயற்சியாளன் ஆகின்றான் என்று கம்பெனிகள் கூறுகின்றன. அந்நாட்களுக்குரிய ஊழியர் சேமலாப நிதி என்னவாகும் என்று தொழிற்சங்கங்கள் கேட்கின்றன. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது செடிகளும் பாத்திகளும் ஒருசேர வாடின. அந்த நட்டத்தையும் குடும்பமே சுமந்தது. இப்போது மாலையில் மலைச் சரிவிற் பார்த்தால், போஞ்சிப் பந்தலுக்கு நீரூற்றிய பின் அதே பெண், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு, தன் பங்குத் தேயிலைச் செடிகளை நோக்கி ஏறிக்கொண்டிருப்பதைக் காணலாம். நிலம் கம்பெனியின் குத்தகையிலேயே இருக்கின்றது. செக்றோலில் அந்த நேரத்துக்கு யாருடைய பெயரும் எழுதப்படுவதில்லை.