ஊசிக்கு அகப்படாத குரல்: கல்கத்தாவின் உருளையும் தட்டும்

பிரெஞ்சு நிறுவனமான பாத்தே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட இசைத்தட்டு ஒன்றை வழக்கமான கிராமஃபோனில் வைத்து எஃகு ஊசியை இறக்கினால் தட்டு சுழலும், பாட்டு எழாது, வரிப்பள்ளம் கீறுபடும். பார்வைக்கு அது மற்றெந்தத் தட்டையும் போன்றதே. ஆனால் கிராமஃபோன் தட்டில் ஒலி பள்ளத்தின் பக்கவாட்டு அசைவாகவும், பாத்தே தட்டில் பள்ளத்தின் ஏற்ற இறக்கமாகவும் பதிந்திருக்கும். பின்னதற்கு நீலக்கல் உருண்டை முனை வேண்டும். பல தட்டுகள் உள்விளிம்பிலிருந்து தொடங்கி வெளிநோக்கி ஓடுபவை.

எம்பி4 என்ற பின்னொட்டுடைய காணொளிக் கோப்பு ஓர் உலாவியில் ஓட, மற்றோர் உலாவியில் கருந்திரையும் ஒலியும் மட்டும் வருவதற்குக் காரணமும் இதுவே. எம்பி4 என்பது கொள்கலன். அதனுள் படம் எந்த முறையில் குறுக்கப்பட்டிருக்கிறது என்பது, அதாவது கோடெக், வேறு செய்தி. கொள்கலனையும் கோடெக்கையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் இணையத்தோடு பிறந்ததன்று. கல்கத்தாவில் அது ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒரு வணிகத்தின் தலைவிதியைத் தீர்மானித்தது.

1902ஆம் ஆண்டின் இறுதியில் கிராமஃபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க் கல்கத்தா வந்து சேர்ந்தார். அவர் பதிந்த மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குக் கப்பலேறின. அங்கே அச்சாகித் திரும்பின. கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவித்தது, ஹானோவர்த் தொழிலாளர் தட்டை அடையாளம் காண்பதற்காக என்பர். இன்றைய மொழியில் அது மீத்தரவு. கோப்புக்கு வெளியே எழுதப்படாமல் குரலுக்குள்ளேயே பொதிக்கப்பட்ட மீத்தரவு.

அதே நகரில் ஹேமேந்திரமோகன் போஸ் (1864–1916) உருளையைத் தேர்ந்தார். குந்தளின் கூந்தல் தைலத்தால் பெயரும் பொருளும் ஈட்டிய வணிகர் அவர். 1896இல் அவர் அறிவித்த குந்தளின் பரிசின் முதல் சிறுகதைக்குரியவர் ஜகதீஷ் சந்திர போஸ் என்பதை அறிவியல் வரலாறு படிப்போர் நினைவில் வைத்திருப்பர். தர்மதலாவில் அவர் நடத்திய 'டாக்கிங் மெஷின் ஹால்' எடிசன் வகை ஒலிவரைவியைக் கொண்டு வங்கத்துக் குரல்களைப் பதிந்தது. 1905இன் பிரிவினை எதிர்ப்புக் காலத்தில் ரவீந்திரநாதரின் சுதேசிப் பாடல்கள் அவருடைய குரலிலேயே இங்கு உருளையேறின.

இத்தேர்வைப் பேதைமை என ஒதுக்குவது எளிது, பொருந்தாது. ஒலிவரைவி ஒலிக்கவும் செய்யும், பதியவும் செய்யும். தட்டுக் கருவியை வாங்கியவர் கேட்க மட்டுமே முடியும். உருளையில் ஊசியின் வேகம் தொடக்கம் முதல் முடிவுவரை ஒன்றே. தட்டிலோ மையத்தை நெருங்க நெருங்க வேகம் குறைந்து ஒலி நலியும். அயல்நாட்டுப் பொறியாளர் கப்பலில் வந்திறங்கும் நாளை எதிர்பாராமல் கல்கத்தாவிலேயே பதியும் வசதி, சுதேசிக் காலத்து வணிகர் ஒருவருக்குச் சிறிய காரணமன்று. தரத்திலும் தற்சார்பிலும் உருளையே மேல் என்று அவர் கருதியிருக்க இடமுண்டு.

அவரைத் தோற்கடித்தது படியெடுத்தலின் பொருளியல். உலோக அச்சிலிருந்து அரக்குக் கலவையில் தட்டுகளை அப்பம் போல அழுத்தி எடுக்கலாம். உருளையை வார்ப்பது கடினம். அடுக்கி வைக்க இடம் வேண்டும். வங்கத்து மழைக்கால ஈரத்தில் மெழுகில் பூஞ்சை படரும். 1908இல் கிராமஃபோன் நிறுவனம் சியால்தாவில் அச்சகம் திறந்ததும் ஹானோவர்ப் பயணமும் தேவையற்றுப்போயிற்று. அரக்கோ பக்கத்துச் சோட்டா நாகபுரிக் காடுகளில் விளைந்தது. அதே ஆண்டையொட்டிப் போஸும் வழிமாறினார். உருளைகளிலிருந்த பாட்டுகள் பாத்தேயின் வழியாகத் தட்டுகளாயின. தட்டு என்ற கொள்கலனை ஏற்ற அவர், உருளைக்குரிய ஏற்ற இறக்கப் பள்ளத்தை விடவில்லை. சந்தையிலோ வீடுதோறும் இருந்தது பக்கவாட்டு ஊசி. பாதி மட்டுமே பொருந்திய சமரசம் அது.

இக்குடும்பத்தின் கதை இங்கே முடிவதில்லை. போஸின் மகன் நிதின் போஸ் 1935இல் நியூ தியேட்டர்ஸுக்காக 'பாக்ய சக்ர' படத்தை இயக்கினார், ஒலிப்பதிவு அவருடைய சகோதரர் முகுல் போஸ், இசை ஆர். சி. போரால், முற்கால இசைத்தட்டுப் பாடகர் லால்சந்த் போராலின் மகன். இந்தியத் திரையில் பின்னணிப் பாட்டு தொடங்கிய படமாக இது குறிக்கப்படுகிறது. பாட்டைத் தனியே பதிந்து, படத்தைத் தனியே எடுத்து, இரண்டையும் ஒரே சுருளில் இணைத்தனர். இன்றைய காணொளிக் கோப்பும் அப்படித்தான்: படவோடை வேறு, ஒலியோடை வேறு, காலக்குறிகளால் இரண்டும் கட்டப்பட்டிருக்கின்றன.

இணையத்தில் இவ்வழக்கு மீண்டும் எழுந்தபோது வாதங்கள் புதியனவாக இல்லை. 2003இல் தரமாக வெளிவந்த எச்.264 சிறந்தது, ஆனால் காப்புரிமைக்கு உட்பட்டது. உரிமத் தொகையற்ற ஆக் தியோரா எச்டிஎம்எல்5 வரைவில் பரிந்துரைக்கப்பட்டு, 2007 டிசம்பரில் நீக்கப்பட்டது. 2010இல் கூகுள் வெப்எம்மைத் திறந்துவிட்டது. எனினும் பெரும்பாலான கைபேசிகளின் சில்லுகளிலேயே எச்.264ஐ வாசிக்கும் வசதி அமைந்திருந்தது. அக்காலத்து எஃகு ஊசி அதுவே. இடையில் நெடுங்காலம் கோலோச்சிய ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31இல் ஆதரவிழந்தது.

இன்றைய ஆவணக் காப்பகங்கள் பல இரண்டு படிகள் வைத்திருக்கின்றன: பாதுகாப்புக்கு எஃப்எஃப்வி1 போன்ற இழப்பற்ற கோடெக், பெரும்பாலும் மட்ரோஸ்கா கொள்கலனில், பார்வைக்கு எம்பி4இல் எச்.264. இத்தகைய பிரிவினை போஸின் கடையில் இல்லை. உருளைகளில் மிகச் சிலவே எஞ்சின. ரவீந்திரநாதர் பாடிய 'வந்தே மாதரம்' பிழைத்திருப்பது பாத்தே தட்டினால். விற்பனைக்கென எடுத்த படியே இப்போது மூலமாகிவிட்டது. அதைக் கேட்க இன்றும் நீலக்கல் முனையோ, செங்குத்து அசைவை வாசிக்குமாறு இணைப்பு மாற்றிய ஊசித்தலையோ தேவை.