மங்கசேயாவின் மண்

ருஷ்யர் சைபீரியாவுட் புகுந்த வரலாறு பெரும்பாலும் துணிவுடைய யாத்திரிகர் கதையாகவே எழுதப்பட்டுள்ளது. சோவியத் காலத்து நூல்கள் பலவும் அங்குள்ள சிறு மக்களினங்கள் விருப்புடன் ருஷ்யாவோடு இணைந்தன என்றே கூறின. முற்போக்காளராகிய நாம் இக்கூற்றை ஆராயாது ஏற்றல் தகாது. ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி, தாஸ் நதிக்கரையில் அமைந்த மங்கசேயாக் கோட்டையை நோக்குவோம்.

1600ஆம் ஆண்டில் அங்கு அனுப்பப்பட்ட படையினர் வழியிலேயே அந்நிலத்து மக்களால் தாக்கப்பட்டனர். விருப்புடன் இணைந்தோர் வரவேற்கும் முறை இதுவோ? எஞ்சியோர் சென்று கோட்டையமைத்தனர். 1601இல் வந்த படை அதனை வலுப்படுத்திற்று. நாடிய பொருள் சேபிள் என்னும் சிறு விலங்கின் மென்மயிர்த் தோல். நெனெத்ஸ், எனெத்ஸ் முதலிய மக்கள் அதனை 'யசாக்' எனும் திறையாகச் செலுத்த வேண்டும். திறை தவறாதிருத்தற்பொருட்டு அவர்தம் உறவினரைப் பிணையாகப் பிடித்துவைத்தல் சைபீரியக் கோட்டைகளின் வழக்கமாயிருந்தது.

வணிகர் வடகடல் வழியாகவும் இங்கு வந்தனர். அயல்நாட்டார் நுழைவர் எனக் காரணங்காட்டி 1619இல் அவ்வழி தடுக்கப்பட்டது. வரி செலுத்தாது தப்பும் வணிகர் பற்றிய அச்சமும் கருவூலத்துக்கு இருந்தது என்பதை மறத்தலாகாது. 1630-31இல் ஆளுநர் இருவர் தம்முட் பகைத்து, ஒருவர் மற்றவர் தங்கிய குடியிருப்பின்மீது பீரங்கி சுடுமளவுக்குச் சென்றனர்! 1642இல் பெருந்தீ மூண்டது, சேபிளும் அருகியது, 1672இல் காவற்படை யெனிசெய் நதிப்பக்கம் பெயர்ந்தது.

மிகயில் பெலோவ் தலைமையில் 1968 முதல் 1970 வரையும் 1973இலும் அகழ்வு நடைபெற்றது. உறைந்த மண் மரத்தையும் தோலையும் அழியவிடவில்லை. ஐந்து கோபுரங்களையுடைய மரக்கோட்டை, வணிகர் விடுதி, உலோகம் உருக்கிய மூசைகள், தோற்காலணிகள், சதுரங்கக் காய்கள் யாவும் வெளிப்பட்டன. 'கோச்' எனும் கப்பலின் பலகைகள் வீடுகளின் அடித்தளத்திற் கிடந்தன. கடலோடி வந்த மரம், குளிரை மறிக்கும் தரையாயிற்று.

நகரவாழ்வை இப்பொருள்கள் நன்கு உணர்த்துகின்றன. ஆனால் அந்நகரை வாழவைத்த தோல்களைக் கொணர்ந்தோர், சுவருக்கு அப்பால், துந்திராவிலும் காட்டிலும் கூடாரமிட்டு வாழ்ந்தவர். அலைந்து வாழ்வோர் மண்ணில் விட்டுச்செல்லும் தடம் மிகச் சிறிது. கணக்கேடுகளோ அவர்களைத் திறை செலுத்துவோராக மட்டுமே கண்டன. ஆகவே கோட்டைக்குள் மட்டும் தோண்டுதல் போதாது. 2000ஆம் ஆண்டளவில் அகழ்வு மீண்டும் தொடங்கியது. தாஸ் நதியோ கரையை அரித்துக்கொண்டிருக்கிறது.