அங்கர் யாருடையது?

மோர்னிங்சைட்டில் நான் தாதியாகப் பராமரிக்கும் ஈழத்து முதியவர்களுக்குப் பால்மா என்றாலே அங்கர்தான். 1886இல் நியூசிலாந்தின் வைக்காட்டோவில் பிறந்த பெயர் அது. 2001இல் அங்குள்ள பாற்கூட்டுறவுகள் இணைந்து ஃபொன்டெரா ஆனபோது அதனிடம் சேர்ந்தது.

2025 ஒக்டோபரில் அந்தப் பண்ணையாளர்களே வாக்களித்து, இலங்கை வியாபாரம் உட்பட, அங்கரைப் பிரான்சின் லக்டாலிஸுக்கு விற்கச் சம்மதித்தார்கள். அதிலிருந்து பண்ணையாளருக்குத் திரும்பக் கொடுக்கப் பேசப்பட்ட தொகை, பங்கொன்றுக்கு 2 நியூசிலாந்து டொலர்.

லக்டாலிஸ் நமக்குப் புதிதல்ல. 1997இல் கனடாவின் பியாட்ரிஸை வாங்கிய இத்தாலியின் பார்மலாட், 2011இல் லக்டாலிஸின் கைக்குப் போனது. ரொறன்ரோவில் நாம் வாங்கும் பியாட்ரிஸ் பால் அவர்களுடையதுதான்.

பண்ணையாளர் இனியும் பாலை விற்பார்கள். நம் அம்மாமார் நம்பி வளர்த்த பெயரின் இலாபம் வேறு வீட்டுக்குப் போகும்.