துணித் தோணியில் இலங்கைக்கு வந்தவர்

போன கிழமை தரம் 9இல் இறப்பர் பாடம். 1876, பிரேசில் விதை, கியூ தோட்டம், ஹெனரத்கொட என்று பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்புவித்தார்கள். கடைசி வாங்கில் இருந்த மீனவர் மகன் மட்டும் கேட்டான்: "சேர், கார் டயர் வாறதுக்கு முந்தி இத வெச்சி என்ன செஞ்சாங்க?" சோதனைக்கு வராத கேள்வி என்று அன்று சுருக்கமாக முடித்துவிட்டேன். அது சரியில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

பலகையே இல்லாமல், மெல்லிய சட்டகத்தில் தோலைப் போர்த்தித் தோணி செய்யலாம். கிறீன்லாந்தின் இனுயிட் மக்களுடைய கயாக் அப்படிப்பட்டதுதான். சீல் தோலைத் தைப்பது பெண்களின் வேலை. ஊசி தோலின் முழுத் தடிப்பையும் துளைக்காது, பாதியில் நுழைந்து அதே பக்கம் வெளியே வரும். துளை இல்லை என்றால் தண்ணீருக்கும் வழி இல்லை! பிறகு சீல் கொழுப்பு பூசுவார்கள். அப்படியும் தோல் ஊறும். கரையேற்றிக் காயவைத்து, திரும்பவும் பூச வேண்டும்.

துணியின் கதை வேறு. நெசவு என்றாலே ஓட்டைதான். 1823இல் ஸ்கொட்லாந்தின் சார்ள்ஸ் மெக்கின்ரொஷ் இறப்பரை நப்தாவில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டினார். தண்ணீர் நின்றது. ஆனால் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பார்த்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. 1905இல் அல்பிரட் ஹொயிரிக் என்ற ஜேர்மன் மாணவர் மூங்கில் சட்டகத்தில் பாய்த்துணி போர்த்தி, மடித்துத் தூக்கிச் செல்லும் கயாக் செய்தார். அந்த வகைத் தோணிகளுக்கு இறப்பர் ஏற்றிய துணியே பிறகு வழக்கமானது.

அப்படி ஒரு தோணியில்தான் 1932இல் ஒஸ்கார் ஸ்பெக் ஜேர்மனியின் ஊல்ம் நகரிலிருந்து புறப்பட்டார். வேலை தேடி சைப்பிரஸ் வரை போவதுதான் எண்ணம். யூப்பிரட்டீஸ் நதி, பாரசீக வளைகுடா, இந்தியக் கரை என்று நீண்டு, 1935இல் இலங்கைக்கே வந்துவிட்டார். அவருக்கு நீந்தத் தெரியாது. அவருக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது அந்தத் துணி ஒன்றுதான். வழியில் தோணியை மாற்றவும் வேண்டி வந்தது. 1939 செப்டம்பரில் அவுஸ்திரேலியாவின் சைபாய் தீவில் கரையேறியபோது யுத்தம் தொடங்கியிருந்தது. எதிரி நாட்டவர் என்று பிடித்து அடைத்துவிட்டார்கள்.

துணித் தோணியில் வந்த வெள்ளைக்காரனைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டும்.