ஸ்டூ உங்கர்: ஜெயிக்க மட்டும் தெரிஞ்ச ஆளு

சீட்டாட்டம் பத்தி ஒரு பதிவு எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை. தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தேன். சீட்டுன்னு சொன்னாலே நம்ம மக்கள்ல பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பாங்க, மீதிப் பேர் "எங்க, எப்ப?"ன்னு கேப்பாங்க :-) ரெண்டு கட்சிக்கும் பொதுவா இந்தப் பதிவு.

முதல்ல எங்க சித்தப்பா. கல்யாண மண்டபத்துல ராத்திரி ஜமுக்காளம் விரிச்சா அவர்தான் நடுநாயகம். நாலு சுத்து போனதும் எதிர்ல இருக்கிறவர் கையில என்ன இருக்குன்னு சொல்லிடுவார். கொஞ்ச வருஷத்துல என்ன ஆச்சுன்னா, அவர் வந்து உக்காந்ததும் ஒவ்வொருத்தரா "தூக்கம் வருது மாப்ளே"ன்னு எழுந்து போக ஆரம்பிச்சாங்க. கடைசில மனுஷன் குழந்தைகளோட கழுதை ஆடிக்கிட்டிருந்தார். ஸ்டூ உங்கரைப் பத்திப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஜமுக்காளம்தான் ஞாபகம் வரும். ஏன்னு போகப்போகத் தெரியும்.

ஸ்டூ உங்கர் பிறந்தது 1953-ல, நியூயார்க்கின் மன்ஹாட்டனில். அப்பா மதுக்கடை நடத்தினார், கூடவே பந்தயப் பணம் வாங்குற புக்கி வேலை. கடைக்குள்ளேயே சூதாட்டமும் நடக்கும். பையன் வளர்ந்தது அந்தச் சூழல்ல. அப்பா 1967-ல இறந்துட்டார். அம்மாவும் நோயாளி. பையன் பள்ளிக்கூடத்தை பாதியில விட்டுட்டு ஜின் ரம்மி ஆடி வீட்டைக் காப்பாத்த ஆரம்பிச்சான். ஒல்லியான, சின்னப் பையன் மாதிரியே இருக்கிற உருவம். கடைசி வரைக்கும் 'தி கிட்'னுதான் கூப்பிட்டாங்க. நியூயார்க் மாஃபியா ஆளுங்களோட ஆதரவும் இருந்தது. தோத்தவங்க காசைக் கொடுக்காம ஏமாத்த முடியாது பாருங்க.

ஜின் ரம்மின்னா நம்ம 13 சீட்டு ரம்மிக்கு ஒண்ணுவிட்ட தம்பி. ரெண்டு பேர், ஆளுக்கு 10 சீட்டு. எதிராளி எதை எடுக்கிறான், எதைப் போடுறான்னு ஞாபகம் வெச்சுக்கிட்டா அவன் கை கண்ணாடி மாதிரித் தெரியும். உங்கருக்கு அந்த ஞாபகசக்தி பயங்கரமா இருந்தது. ஹாரி ஸ்டைன்னு அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர் ஒருத்தர். அவரோட ஆடினதுல கணக்கு 86-க்கு பூஜ்யம்னு சீட்டாட்ட உலகத்துல இன்னிக்கும் சொல்லுவாங்க.

இங்கதான் தலைவருக்கு சனி பிடிச்சது. யாரும் ஆட வரலை!

1970-களின் பின்பாதியில லாஸ் வேகாஸ் வந்தார். அங்கேயும் அதே கதை. போட்டியில உங்கர் பேர் கொடுத்தா மத்தவங்க பேர் கொடுக்க மாட்டேங்கிறாங்கன்னு காசினோக்காரங்களே "தம்பி, நீ கொஞ்சம் ஒதுங்கிக்க"ன்னாங்க. சலுகை கொடுத்துப் பார்த்தார். கட்டோட கடைசிச் சீட்டு என்னன்னு நீ பாத்துக்கோ, நான் பாக்காம ஆடுறேன்னார். அப்பவும் ஜெயிச்சார். சலுகையும் பலிக்கலை.

கொஞ்சம் நிறுத்தி யோசிங்க மக்களே. சீட்டையே தொழிலா வெச்சவனுக்கு ஆட்டத் திறமை மட்டும் போதாது. எதிராளி நாளைக்கும் வரணும். அவன் "இன்னிக்கு நேரம் சரியில்லை, நாளைக்குப் பிடிச்சுடலாம்"ங்கிற நினைப்போட வீட்டுக்குப் போகணும். மளிகைக்கடைக்காரர் வாடிக்கையாளரைத் தக்கவெச்சுக்கிற மாதிரிதான். பொறுமையான தொழில்முறை ஆட்டக்காரங்க அப்பப்போ தோத்து, சிரிச்சுப் பேசி, ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்து அனுப்புவாங்க. உங்கருக்கு அது வரவே வராது. ஜெயிக்கிறதோட நிறுத்தாம எதிராளியோட மானத்தையும் வாங்கிடுவார். தன்னை மிஞ்ச இன்னொருத்தன் போக்கர்ல வரலாம், ஆனா ஜின்ல வரவே முடியாதுன்னு அவரே சொல்லியிருக்கார்.

ஆக, போக்கர் பக்கம் வந்தது ஆசையால இல்லை, வேற வழியில்லாம.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஹோல்டம் போக்கர்ல கையில 2 சீட்டு, மேசையில எல்லாருக்கும் பொதுவா 5 சீட்டு. முதல்ல மூணு, அப்புறம் ஒண்ணு, அப்புறம் ஒண்ணுன்னு திறப்பாங்க. ஏழுல சிறந்த அஞ்சு யார்கிட்டயோ அவருக்குப் பணம். ஒவ்வொரு கட்டத்துலயும் பந்தயம் கட்டலாம். 'நோ லிமிட்'னா முன்னாடி இருக்கிற மொத்தத்தையும் ஒரே தள்ளா தள்ளலாம்.

1980-ல உலகப் போக்கர் தொடர், அதாவது வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர். 1970-லேர்ந்து பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ காசினோவில நடந்துக்கிட்டிருந்த போட்டி. பிரதான ஆட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். அந்த வருஷம் 73 பேர். கடைசில மிஞ்சினது 26 வயசு உங்கரும் டாய்ல் பிரன்சனும். பிரன்சன் சும்மா ஆள் இல்லை. 1976, 1977 ரெண்டு வருஷமும் ஜெயிச்சவர், போக்கர் ஆடுறது எப்படின்னு 1978-ல புத்தகமே போட்டவர்.

அந்தக் கடைசி ஆட்டம். பிரன்சன் கையில ஏஸ், ஏழு. உங்கர் கையில ஸ்பேட் அஞ்சு, நாலு. மேசையில விழுந்தது ஏஸ், ஏழு, ரெண்டு. பிரன்சனுக்கு ரெண்டு ஜோடி அமைஞ்சாச்சு, கிட்டத்தட்ட முடிஞ்ச கதை. உங்கருக்கு மூணு வந்தா மட்டும் ஏஸ்-ரெண்டு-மூணு-நாலு-அஞ்சுன்னு வரிசை சேரும். கட்டுல இருக்கிறது நாலே மூணு. சாதாரணமா யாரும் காசு போட மாட்டாங்க. ஆனா வந்துடுச்சுன்னா பிரன்சன் நம்பவே மாட்டார், மொத்தத்தையும் கொடுத்துடுவார்னு உங்கர் கணக்குப் போட்டார். அடுத்த சீட்டு மூணு. அவ்வளவுதான். ஒரு போட்டி நடக்க நடக்கவே ஒருத்தன் ஆட்டத்துல முன்னேறிக்கிட்டே போனதை அப்பத்தான் முதல்முறையா பார்த்தேன்னு பிரன்சன் பின்னால சொன்னார்.

அடுத்த வருஷம், 1981-ல 75 பேர். மறுபடியும் உங்கர். (டீலர் மேல துப்பினதா பஞ்சாயத்து ஆகி, ஆடவிட வேண்டாம்னு கிழவர் பென்னி பினியன் ஒரே பிடிவாதம். மகன் ஜாக் பினியன்தான் சமாதானம் பண்ணி உள்ள விட்டார்.) ரெண்டு வருஷமும் மூன்றரை லட்சம் டாலருக்கு மேல பரிசு.

போட்டி ஆட்டம் இவருக்கு ஏன் இப்படிப் பொருந்திச்சு? என் கணிப்பு இது: போட்டியில யாரும் "தூக்கம் வருது மாப்ளே"ன்னு எழுந்து போக முடியாது. கட்டணம் கட்டியாச்சு, எல்லாச் சிப்பும் (உருளைக்கிழங்கு இல்லைங்க!) ஒருத்தர் கிட்ட சேர்ற வரைக்கும் ஆடித்தான் ஆகணும். எதிராளியை நாளைக்காக விட்டுவைக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கரோட பெரிய குறை அங்க பலமா மாறிடுது. சாதாரணப் பண ஆட்டத்துல, வேணுங்கிறப்ப வந்து வேணுங்கிறப்ப எழுந்து போற இடத்துல, அவர் அந்த அளவுக்குச் சோபிக்கலைங்கிறதையும் சேர்த்துப் பாருங்க.

ஞாபகசக்திக்கு இன்னொரு சாட்சி. 1977-ல பாப் ஸ்டுபாக்ங்கிற வேகாஸ் தொழிலதிபர் ஒரு லட்சம் டாலர் பந்தயம் கட்டினார். ஆறு கட்டுச் சீட்டைக் கலந்து, அதுல மூணு கட்டை எடுத்துக் காட்டிட்டு, மிச்சம் மூணு கட்டுல என்னென்ன சீட்டு இருக்குன்னு சொல்ல முடியாதுன்னு. உங்கர் சொல்லிட்டார். பணத்தை வாங்கிட்டார். இந்த ஸ்டுபாக் பேரை ஞாபகம் வெச்சுக்குங்க.

இவ்வளவு வந்த பணம் எங்க போச்சு? குதிரைப் பந்தயம், விளையாட்டுப் பந்தயம், கோல்ஃப். சீட்டுல ஜெயிச்சதைத் தனக்குத் தெரியாத ஆட்டத்துல கொண்டு போய்க் கொட்டினார். பேங்க் கணக்கே கிடையாது, காசினோ பெட்டகம்தான். அப்புறம் கொக்கெய்ன். விடிய விடிய ஆட முழிச்சிருக்க உதவுதுன்னு ஆரம்பிச்ச பழக்கம் ஆளையே விழுங்கிடுச்சு. 1986-ல விவாகரத்து. 1989-ல வளர்ப்பு மகனையும் பறிகொடுத்தார்.

1990 பிரதானப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கொடுத்தது நண்பர் பில்லி பாக்ஸ்டர். ரெண்டு நாள் ஆடி நிறைய சிப் குவிச்சார் உங்கர். மூணாம் நாள் ஆளைக் காணோம். ஓட்டல் அறைத் தரையில நினைவில்லாம கிடந்தார். போதை அளவு மீறிடுச்சு. மேசையில காலி நாற்காலி. ஒவ்வொரு சுத்துக்கும் கட்டாயமா வைக்க வேண்டிய பணத்தை டீலரே அவர் குவியல்லேர்ந்து எடுத்துப் போட்டுக்கிட்டிருந்தார். அப்படிக் கரைஞ்சும் 9-வது இடம், 25,050 டாலர். ஆளே இல்லாம!

இந்த பாக்ஸ்டரைப் பத்திக் கொஞ்சம் சொல்லியாகணும். அவரும் போக்கர் ஆட்டக்காரர்தான், ஆனா நேர் எதிர் சுபாவம். அமெரிக்காவில அப்ப உழைச்ச வருமானத்துக்கு உச்ச வரி 50 சதவீதம், வட்டி மாதிரி உழைக்காம வந்த வருமானத்துக்கு 70 சதவீதம். போக்கர்ல வந்தது உழைக்காத காசுன்னு வரித்துறை சொல்ல, 1978-81 வருஷங்களுக்கான வரிக்காக பாக்ஸ்டர் கோர்ட்டுக்குப் போனார். 1986-ல தீர்ப்பு அவர் பக்கம்: இது திறமையால, உழைப்பால வந்த சம்பாத்தியம்தான்னு. போக்கரை ஒரு தொழில்னு எழுத்துல ஒத்துக்க வெச்சது பாக்ஸ்டர். உலகத்துலயே சிறந்த ஆட்டக்காரன்னு பேர் வாங்கினது உங்கர். தொழில்னு வந்தா இவங்கள்ல யாரை உதாரணம் காட்டுவீங்க?

1997. உங்கர் ஓட்டாண்டி. பிரதானப் போட்டி ஆரம்பிக்க சில நிமிஷம் இருக்கும்போது பாக்ஸ்டர் மறுபடியும் 10,000 டாலரை எடுத்துக் கொடுத்தார். நம்ம ஊர்ல நிலத்தை வாரத்துக்கு விடுவாங்களே, அதே கணக்கு. முதல் போடுறவருக்கு விளைச்சல்ல பாதி. தூக்கமில்லாம வந்த உங்கர் முதல் நாள் மேசையிலேயே தூங்கி வழிஞ்சார். நண்பர்கள் உசுப்பேத்தி உசுப்பேத்தி உக்கார வெச்சாங்க. ரெண்டாம் நாள்லேர்ந்து பழைய உங்கர்.

312 பேர்ல கடைசி ரெண்டு பேர், உங்கரும் காசினோ நிர்வாகி ஜான் ஸ்ட்ரெம்பும். இறுதி ஆட்டத்தை வெளியில ஃப்ரீமான்ட் தெருவில, வெயில்ல வெச்சாங்க. உங்கர் வட்டமான நீலக் கண்ணாடி போட்டிருப்பார். ஸ்டைல்னு நினைக்காதீங்க. கொக்கெய்ன் இழுத்து இழுத்து மூக்கு உள்ளே அமுங்கிப் போச்சு, அதை மறைக்கத்தான். கையோட மகள் ஃபோட்டோ.

கடைசிக் கையில உங்கர்கிட்ட ஏஸ், நாலு. ஸ்ட்ரெம்ப்கிட்ட ஏஸ், எட்டு. மேசையில ஏஸ், அஞ்சு, மூணு, மறுபடி மூணு. நாலு சீட்டு திறந்த வரைக்கும் ஸ்ட்ரெம்ப்தான் முன்னாடி. அஞ்சாவது சீட்டு ரெண்டு. ஏஸ்-ரெண்டு-மூணு-நாலு-அஞ்சு! 1980-ல பிரன்சனைச் சாய்ச்ச அதே வரிசை, 17 வருஷம் கழிச்சு. திறமைதான்னு கோர்ட்டே சொன்னாலும் அந்த ரெண்டை யார் கொண்டு வந்தாங்கன்னு நான் யோசிக்கிறதுண்டு.

பரிசு 10 லட்சம் டாலர். பாதி பாக்ஸ்டருக்கு. மூணாவது முறை பட்டம். அதுக்கு முன்னாடி மூணு முறை எடுத்தவர் ஜானி மாஸ் ஒருத்தர்தான், அதுலயும் அவரோட முதல் பட்டம் (1970) ஆட்டக்காரங்க ஓட்டுப் போட்டுக் கொடுத்தது.

தன் பங்கு அஞ்சு லட்சத்தை உங்கர் சில மாசத்துல முடிச்சுட்டார். போதையும் பந்தயமும்தான். 1998 போட்டிக்கும் பாக்ஸ்டர் கட்டணம் கொடுக்கத் தயார். ஆட்டம் தொடங்குற நேரத்துல உங்கர் வந்து, ரொம்ப அசதியா இருக்கு, முடியாதுன்னுட்டார். நடப்புச் சாம்பியன் நாற்காலியில உக்காரவே இல்லை.

1998 நவம்பர் 22. வேகாஸ்ல ஒயாசிஸ்ங்கிற மலிவு மோட்டல் அறையில இறந்து கிடந்தார். 45 வயசு. வருஷக்கணக்கான போதையால கெட்டுப்போன இதயம்னு பரிசோதனை சொல்லிச்சு. கையில இருந்தது 800 டாலர் சொச்சம்.

அடக்கச் செலவுக்குப் பணம் இல்லை. அங்க வந்திருந்தவங்ககிட்ட வசூல் பண்ணிச் சேர்த்தாங்க. வசூல் பண்ணினது யார் தெரியுமா? 1977-ல ஒரு லட்சம் டாலர் தோத்த அதே பாப் ஸ்டுபாக்.